டாலரை உருக்கிக் கிண்ணம் செய்தவர்கள்

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. வாய் அகலம் சுமார் 11 அங்குலம், உயரம் அதில் பாதி. புடைப்பாகக் கொடியோ பூவோ யாளியோ எதுவும் கிடையாது. உடம்பு வழவழவென்று வளைந்து மேலே வந்து, வாயோரத்தில் மட்டும் கொஞ்சம் வெளியே விரிந்து நிற்கும், அடியில் சின்னதாக ஒரு வளையப் பாதம். பால் ரிவியர் என்கிற வெள்ளி வேலைக்காரர் 1768ல் செய்தது. லண்டன் பார்லிமெண்ட் போட்ட வரியை எதிர்த்து மாசசூசெட்ஸ் சட்டசபை மற்ற காலனிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது, அதை வாபஸ் வாங்கு என்று மேலிடத்து உத்தரவு வந்தது, 92 பேர் முடியாது என்று ஓட்டுப் போட்டார்கள், 17 பேர் வாங்கிவிடலாம் என்றார்கள். அந்த 92 பேருக்கு மரியாதையாக ‘சுதந்திரப் புதல்வர்கள்’ கூட்டத்தைச் சேர்ந்த 15 பேர் சேர்ந்து செய்யச் சொன்ன கிண்ணம் இது. 15 பேர் பெயரும் வாயோரத்தில் வரிசையாக வெட்டியிருக்கிறது.

எடை 45 அவுன்ஸ். கொள்ளளவு 45 ஜில், நம் கணக்கில் ஐந்தேகால் லிட்டருக்கு ஒட்டி வரும். இரண்டும் 45 என்று வந்ததற்குக் காரணம் உண்டு. லண்டனில் ஜான் வில்க்ஸ் என்பவர் தன் பத்திரிகையின் 45ம் இதழில் ராஜாவின் உரையைக் கிழித்து எழுதி 1763ல் ஜெயிலுக்குப் போனார், அதிலிருந்து அந்த எண்ணே காலனிக்காரர்களுக்கு ஒரு கோஷமாகிவிட்டது. அந்தக் கோஷத்தை எடையிலும் அளவிலும் வைத்திருக்கிறார் ரிவியர். டிராய் அவுன்ஸ் கணக்குப்படி அது 1 கிலோ 400 கிராம். இந்த எடைக்குள் இந்தக் கொள்ளளவு நிற்கும்படி கையால் தட்டிக் கொண்டுவருவது என்ன லேசான காரியமா என்று வெள்ளிக்கடையில் உட்கார்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நான் உட்கார்ந்திருப்பது அப்படி ஒரு கடையில்தான். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் சித்தப்பாவுக்குக் கடை, எனக்குக் கணக்கு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆடியிலும் அதே கதை, சீர் சாமான் கேட்டு ஒரு ஆள் படியேற மாட்டார். அந்த மத்தியானங்களில் அமெரிக்க அருங்காட்சியகங்களின் வலைத்தளங்களுக்குப் போய் பழைய வெள்ளிச் சாமான்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் பழக்கம். நிறைய இடங்களில் பொருளின் எடையையும் கீழே போட்டிருக்கிறார்கள். நம்ம ஆளுக்கு அதுதானே முதலில் வேண்டும்.

இந்தச் சாமான்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றின் எளிமையைப் புகழ்வார்கள். பியூரிட்டன் என்கிற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவின் பக்தி, ஆடம்பரத்தை வெறுத்த மக்கள், அதனால் அலங்காரம் இல்லாத பாத்திரம் என்று. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மீதிப் பாதிக்குக் காரணம் தராசு என்று நினைக்கிறேன்.

17ம் நூற்றாண்டு பாஸ்டனை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் வெள்ளிச் சுரங்கம் இல்லை, பணத்தைப் போட்டு வைக்க பேங்க் இல்லை. மீன், மரம், குதிரை என்று மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றுவார்கள், திரும்பி வரும்போது சர்க்கரை, சர்க்கரைப் பாகு, கூடவே ஸ்பானிய வெள்ளிக் காசு. எட்டு ரியால் காசு, ஸ்பானிய டாலர் என்று சொல்வார்களே அது, ஒன்று சுமார் 27 கிராம். மெக்சிகோவிலும் இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையிலும் வெட்டிய வெள்ளி. பொட்டோசியில் அந்த ஊர்ப் பழங்குடிகளை முறைவைத்துக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போய் வெட்டவைத்தது. அதே காசுதான் கப்பல் கப்பலாக நம்ம கோரமண்டல் கரைக்கும் வந்தது, துணிக்கு விலையாக. இங்கே உருக்கி ரூபாய் அடித்தார்கள், அங்கே உருக்கிக் கிண்ணம் தட்டினார்கள்.

காசு என்றாலே வம்பு. ஓரத்தைச் சுரண்டுவான், ஈயம் கலப்பான். அதனால் 1652ல் மாசசூசெட்ஸ் காலனி தனியாக ஒரு நாணயச்சாலை வைத்தது, அதை ஜான் ஹல் என்ற வெள்ளி வேலைக்காரரிடம் ஒப்படைத்தது, அவர் லண்டனில் தொழில் படித்த ராபர்ட் சாண்டர்சனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இவர்கள் அடித்த ஷில்லிங் 72 கிரெயின் எடை, இங்கிலாந்து ஷில்லிங்கோ கிட்டத்தட்ட 93. வேண்டுமென்றேதான் குறைத்தார்கள், கனமான காசு என்றால் ஊரை விட்டு ஓடிவிடுமே. இன்னொரு வேடிக்கை, நாணயச்சாலை முப்பது வருஷம் போல ஓடியும், பின்னாளில் அடித்த பைன் மரம் பொறித்த காசிலும் வருஷம் மட்டும் 1652 என்றே இருந்தது. நாணயம் அடிக்கும் அதே பட்டறையில் அதே இரண்டு பேர்தான் கோயிலுக்கும் வீட்டுக்கும் வெள்ளிக் குவளையும் கிண்ணமும் செய்தார்கள். காசும் பாத்திரமும் ஒரே உலையில் பிறந்தவை.

அப்புறம் கணக்கு நமக்குப் பழகின கணக்குதான். வீட்டில் ஒரு பை காசு இருக்கிறது. திருடன் எடுத்துப் போனால் எது யாருடைய காசு என்று எவனாலும் சொல்ல முடியாது. அதையே பட்டறைக்குக் கொண்டுபோய் எடை போட்டு, மூடி வைத்த பீர் குவளையாகச் செய்து, கைப்பிடியில் பெயரெழுத்தை வெட்டிவிட்டால்? களவு போனால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம், இன்ன உருவம், இன்ன எழுத்து, இன்ன பட்டறை முத்திரை, யாராவது விற்க வந்தால் பிடித்து வையுங்கள் என்று. அந்தக் காலத்துப் பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா பத்திரிகைகளில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் வந்திருக்கின்றன. பணம் முடைப்பட்டால் குவளை மறுபடி உருகிக் காசாகும். அதுவரை விருந்துக்கு வந்தவர்கள் கண்ணில் படும்படி அலமாரியில் நிற்கும்.

இப்படி வைத்திருக்கிறவன் எதற்குக் காசு கொடுப்பான்? ரிவியரின் பேரேடுகள் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன, 1761லிருந்து தொடங்குகின்றன. அதில் வெள்ளிக்கு இவ்வளவு, செய்கூலிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருப்பார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் பில் புத்தகமும் அப்படித்தான் பிரியும். வெள்ளிக்குக் கொடுத்தது உருக்கினாலும் திரும்பி வரும். செய்கூலி வராது. நகாசு வேலைக்குக் கொடுத்தது போனது போனதுதான், உலையில் போட்டால் தேரும் யானையும் எல்லாம் ஒரே கட்டி. எங்கள் கடையில் சீர் வாங்க வருகிற மாமியார்களுக்கு இது பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை, “வேலைப்பாடு கம்மியா, கெட்டியா காட்டுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பகால அமெரிக்க வெள்ளியின் உருவத்தில் பாதியை இந்த ஒரு வரி தீர்மானித்திருக்கிறது என்பது என் கட்சி. உடம்பு வெறுமையாக, கெட்டியாக, வளைவு மட்டும் அழகாக. அலங்காரம் எங்கே வரும் என்றால் கைப்பிடி, மூடி திறக்கிற கட்டைவிரல் துண்டு, மூடியின் உச்சிக் குமிழ், அதாவது வார்ப்பில் எடுக்கிற சின்னச் சின்னத் துண்டுகளில். அச்சு ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் வார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று எங்களுக்கு வேலை செய்து கொடுக்கிற பத்தர் ஒருவரிடம் போரிஞ்சர் படத்தைக் காட்டினேன். போரிஞ்சர் என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கஞ்சிக் கிண்ணம், வாய் அகலம் ஐந்து அங்குலம் சொச்சம், ஒரே ஒரு கைப்பிடி, அதுவும் வாயோரத்திலிருந்து படுக்கைவசமாக நீட்டிக்கொண்டு, முழுக்கத் துளைபோட்ட தகடாக. குழந்தைக்கு, உடம்பு முடியாதவர்களுக்கு, பால் கஞ்சி கொடுக்க. இங்கிலாந்தில் 18ம் நூற்றாண்டின் நடுவிலேயே இதன் மவுசு போய்விட்டது, அமெரிக்காவில் 1800 தாண்டியும் விடாமல் செய்தார்கள். கைப்பிடித் துளைகளில் ஒன்று சாவித் துவாரம் மாதிரி இருக்கும், அந்த அச்சு 1730களில் வந்து பிடித்துக்கொண்டது, அப்புறம் யாரும் மாற்றவே இல்லை.

பத்தர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “கிண்ணம் தட்டி எடுத்தது தம்பி, கைப்பிடி வார்ப்பு, பொடி வச்சு ஊதியிருக்கான்.” பொடி வைத்து ஊதுவது என்றால் பற்றவைப்பது. கைப்பிடியும் கிண்ணமும் சேருமிடத்தைப் பெரிதாக்கச் சொன்னார், பற்று வழிந்த தடமே இல்லை, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டார். உள்பக்கம் நடுவில் ஒரு புள்ளி. அது காம்பஸின் கால் ஊன்றிய குழி. கட்டியை அடித்துத் தகடாக்கி வட்டம் வெட்டியதிலிருந்து கடைசி அடிவரை அந்தப் புள்ளியை வைத்துத்தான் சுற்று சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். கிண்ணம் சூடுபட்டு இளகி, பட்டடையில் ஏறி, சுத்தியல் அடி வாங்கி இறுகி, மறுபடி சூடுபட்டு, இப்படிப் பல சுற்று வந்தபிறகும் அது அழியாமல் இருக்கிறது. “அடி நடுவுல மேடு தூக்கிவிட்டிருக்கான் பாருங்க,” என்றார், “தட்டையா விட்டா ஒரு நாள் இல்ல ஒரு நாள் வீங்கும், அப்புறம் ஆடும். இது ஆடாது.” அந்த மேட்டை நான் அதுவரை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பிடித் துளைகளைப் பற்றிக் கேட்டதற்கு, எடை குறையும், சூடும் கையில் ஏறாது என்றார். எடை எவ்வளவு அண்ணே இருக்கும் என்றேன். கால் கிலோ என்றார். கீழே 8 அவுன்ஸ் என்று போட்டிருந்தது, 249 கிராம். மனுஷன் படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

கைப்பிடியில் மூன்று எழுத்து முக்கோணமாக வெட்டியிருந்தது. மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இடப்பக்கம் புருஷன், வலப்பக்கம் பெண்சாதி. நாமும்தான் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறோம், பித்தளை அண்டா முதல் எவர்சில்வர் டம்ளர் வரை, ஆனால் நம்முடையதில் பாதி யார் கொடுத்தார்கள் என்கிற கணக்கு, அத்தை செய்த சீர், மாமா வைத்த மொய், நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே. அவர்களுடையது யாருக்குச் சொந்தம் என்கிற கணக்கு. நிலம் பெரும்பாலும் பையன்களுக்குப் போனது, வெள்ளிச் சாமான் பெண்கள் வழியாகக் கைமாறியது, அதனால் ஒரே குவளையில் பாட்டி, அம்மா, பேத்தி என்று எழுத்துக்கள் ஏறிக்கொண்டே போனதும் உண்டு.

முத்திரை விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பொற்கொல்லர் சங்கம் உரைத்துப் பார்த்து முத்திரை வைக்காமல் பாத்திரம் விற்க முடியாது, 925 தரம் கட்டாயம். அமெரிக்கக் காலனிகளில் அப்படிச் சங்கமும் இல்லை, சோதனைச் சாலையும் இல்லை. செய்தவர் தன் பெயரெழுத்தை ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடித்துக் கொடுப்பார், அவ்வளவுதான் உத்தரவாதம். ஆக, ஆள் யோக்கியமானவராக இருக்க வேண்டும். ஜான் ஹல் காலனியின் பொருளாளராகவே ஆனார். அவரிடம் தொழில் படித்த ஜெரமையா டம்மர்தான் அந்த மண்ணில் பிறந்த முதல் வெள்ளி வேலைக்காரர் என்று சொல்வார்கள். பால்டிமோர் நகரம் மட்டும் 1814ல் சோதனைச் சட்டம் கொண்டுவந்து 1830 வரை ஓட்டியது. பின்னாளில் சில பட்டறைக்காரர்கள் சிங்கம், ராஜா தலை என்று இங்கிலாந்து முத்திரை போலவே தெரிகிற குறிகளை அடித்து விற்றதும் நடந்தது. வியாபாரம்!

இனி நியூயார்க். 1664 வரை அது டச்சுக்காரர்களின் ஊர். நாகப்பட்டினத்தை 1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து 1781 வரை வைத்திருந்தார்களே, அதே டச்சுக்காரர்கள்தான், கம்பெனி மட்டும் வேறு. ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போன பிறகும் வீடுகளில் டச்சு ருசி போகவில்லை. பாஸ்டன் குவளைக்குப் பக்கத்தில் நியூயார்க் குவளையை வைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்: அகலமான உடம்பு, தட்டை மூடி, முறுக்குக் கம்பி போன்ற விரல் துண்டு, அடியைச் சுற்றி இலைப் பட்டை. கார்னீலியஸ் கியர்ஸ்டீட் செய்த ஆறு இதழ்க் கிண்ணம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு இதழிலும் பூ புடைத்து நிற்கும், இரண்டு பக்கமும் பெண்ணுருவக் கைப்பிடி. குழந்தை பிறந்த விருந்தில் பிராந்தியில் திராட்சை ஊறப்போட்டு அதைச் சுற்றிக் கொடுப்பார்கள். இதைத் தஞ்சாவூர்த் தட்டு செய்கிறவர்கள் யாரிடமாவது காட்டினால் பரவாயில்லையே என்பார்கள், இடத்தை வெறுமையாக விடக்கூடாது என்கிற அதே வெறி.

நியூயார்க்கில்தான் மையர் மையர்ஸும் இருந்தார், யூதர், கிறிஸ்தவப் பணக்காரர்களுக்கு டீ சாமான், யூதக் கோயில்களுக்குத் தோரா என்கிற வேதச் சுருளின் உச்சியில் வைக்கிற மணி கட்டிய வெள்ளிக் குமிழ், இரண்டும் ஒரே பட்டறையில்.

என் தராசுக் கட்சிக்கு எதிர்க்கட்சியும் உண்டு, மறைக்கக்கூடாது. பாஸ்டனிலேயே, பியூரிட்டன்கள் மத்தியிலேயே, 1680லிருந்து 1700 சொச்சம் வரை ஜான் கோனியும் எட்வர்ட் வின்ஸ்லோவும் செய்த சர்க்கரைப் பெட்டிகள் இருக்கின்றன. நாலு கால், புடைப்பு, இலை, முண்டு முடிச்சு, ஒரு விரலிடை விடாமல் நகாசு. எடைக்குக் கணக்குப் பார்க்கிறவன் இதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டான். சர்க்கரை அப்போது பூட்டி வைக்கிற பொருள், அதை அடிமைகளின் உழைப்பில் விளைவித்த தீவுகளோடு வியாபாரம் செய்துதான் பாஸ்டன் வியாபாரிகள் பெருத்தார்கள், பெருத்ததைக் காட்டவும் விரும்பினார்கள். ஆக, பக்தியால் எளிமை என்கிற கதை இந்தப் பெட்டிகளிடம் செல்லாது. என் கணக்கும் முழுசாகச் செல்லாதுதான், ஆனால் அந்தப் பெட்டிகளில் பத்துப் பன்னிரண்டு கூட இன்று கிடையாது, குவளையும் ஸ்பூனும் போரிஞ்சரும் குவிந்து கிடக்கின்றன. சாதாரணச் சம்சாரி எதைச் செய்யச் சொன்னான் என்பதற்கு அது போதும்.

கோனியின் பட்டறையில்தான் அப்பலோஸ் ரிவ்வார் என்று ஒரு பிரெஞ்சுப் பையன் தொழில் பழகினான். புராட்டஸ்டன்ட் என்பதால் பிரான்சில் இருக்க முடியாமல் 1716 வாக்கில் வந்து சேர்ந்தவன். ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை, பால் ரிவியர் என்று மாற்றிக்கொண்டார். நம்ம கிண்ணம் செய்த ரிவியர் இவருடைய மகன், அதே பெயர். மகன் ரிவியரைக் காப்லி என்ற ஓவியர் 1768ல், கிண்ணம் செய்த அதே வருஷம், வரைந்திருக்கிறார். பட்டுக் கோட்டு இல்லை, சட்டைக் கையோடு வேலை மேஜையில், இடது கையில் ஒரு டீபாட், அது ஒரு தோல் திண்டின்மேல் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் செதுக்குகிற உளிகள். வெள்ளியில் அவருடைய விரல்களின் பிம்பம் விழுவதைப் பாருங்கள், எனக்குப் படத்தில் அதுதான் உசத்தி. பாத்திரத்தில் இன்னும் ஒரு கீறல்கூட விழவில்லை. டீக்கு வரி போட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷத்தில் டீபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு போஸ் கொடுத்திருக்கிறார் என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் விடாமல் மென்றுகொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ நல்ல சரக்கைக் காட்டினார் என்றுதான் படுகிறது.

டீபாட் ஒன்றை வைத்தே அந்த ஊர் வெள்ளி வேலையின் நூறு வருஷத்தைச் சொல்லிவிடலாம். முதலில் வந்தவை சின்னவை, டீ அவ்வளவு விலை. அப்புறம் உருண்டையாக ஆப்பிள் மாதிரி உடம்பு. 1750களில் வயிறு மேலே ஏறி, தலைகீழாக நிறுத்திய பேரிக்காய் உருவம், மூக்கில் இலை, மூடியைச் சுற்றிச் செதுக்கு வேலை. கைப்பிடி மட்டும் அநேகமாக எப்போதும் மரம். உலோகங்களிலேயே சூட்டை அதிகம் கடத்துவது வெள்ளிதான், வெள்ளிக் கைப்பிடி வைத்தால் எடுத்து ஊற்ற முடியாது. நாம் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரி தீர்த்தோம், டம்ளரின் விளிம்பை வெளியே மடித்து அங்கே மட்டும் பிடித்து டவராவில் ஆற்று, முடிந்தது. கைப்பிடியே தேவையில்லை. எது நல்ல டிசைன் என்று கேட்டால் நான் டெல்டாக்காரன், பாரபட்சமாகத்தான் சொல்வேன்.

சுதந்திரப் போர் முடிந்து, 1780களில், டீபாட்டின் உருவமே மாறிவிட்டது. வளைவெல்லாம் போய் முட்டை வடிவ அடி, நேர்ச்சுவர், பக்கமெல்லாம் நெடுக்குவாட்டில் வரிவரியாகப் பள்ளம். பாம்பெய் தோண்டியெடுத்த பிறகு ஐரோப்பாவில் கிளம்பிய ரோமானிய மோகம், ஜாடி உருவம், தோரணம் என்று காரணம் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் பட்டறையில் நடந்தது வேறு ஒன்று. ரிவியர் 1785 வாக்கில் தகடு உருட்டும் இயந்திரம் வாங்கினார். இனிக் கட்டியை அடித்து அடித்துக் கிண்ணமாக எழுப்ப வேண்டாம். தகட்டை வெட்டு, வளை, கைப்பிடிக்குப் பின்னால் தெரியாத இடத்தில் சேர்த்து ஊது, அடித் தகட்டை ஒட்டு. நேர்ச்சுவர் டீபாட் என்பது தகட்டுக்குப் பிறந்த உருவம். வெள்ளியும் குறைவு, நேரமும் குறைவு, அதனால் டீபாட், சர்க்கரை ஜாடி, பால் குவளை எல்லாம் ஒரே மாதிரி செட்டாக வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. மெல்லிய தகடு நெளியாமலிருக்க அந்த வரிப் பள்ளங்களே பலம் கொடுத்தன. பத்தர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப அன்னைக்கே தகட்டுக்காரன் வந்துட்டானா,” என்று மட்டும் சொன்னார். ரிவியர் அதோடு நிற்கவும் இல்லை, 1801ல் செப்புத் தகடு ஆலையே வைத்துவிட்டார், மாசசூசெட்ஸ் அரசு மாளிகையின் குவிமாடத்துக்குத் தகடு போனது அங்கிருந்துதான்.

ஸ்பூனைப் பற்றிக் கையால் சாப்பிடுகிற ஊரிலிருந்து அதிகம் என்ன சொல்ல. ஆனால் எண்ணிக்கையில் அதுதான் முதல், எல்லாப் பட்டறைக்கும் சோறு போட்டது ஸ்பூன். பழையவற்றில் எழுத்து பின்பக்கம் வெட்டியிருக்கும், சிப்பி, இலை அலங்காரமும் குழியின் முதுகில்தான் இருக்கும். மேஜையில் கவிழ்த்து வைத்தார்கள் என்பது காரணம். காம்பின் நுனி முதலில் மேல்நோக்கி வளைந்திருந்தது, 1760களுக்குப் பிறகு கீழ்நோக்கி வளைந்தது, ஸ்பூனை மல்லாத்தி வைக்க ஆரம்பித்தார்கள், எழுத்து முன்பக்கம் வந்தது. 1800ஐ ஒட்டி நுனியைச் சவப்பெட்டி உருவத்தில் வெட்டி விற்றார்கள், அது அமெரிக்காவில்தான் அதிகம். சாப்பிடுகிற சாமானில் அதை வைக்க நம்ம ஊரில் ஒருவருக்கும் மனசு வராது.

இன்னொரு பெயர் சொல்லாமல் விட முடியாது. பீட்டர் பென்ட்சன், கறுப்பினத்தவர், சுதந்திர மனிதர், டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் தாமஸில் பிறந்தார். தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டேனிஷ்காரர்களின் தீவு. சிறு வயதிலேயே பிலடெல்பியாவுக்குப் போய்த் தொழில் படித்து, செயின்ட் குரோயிலும் பிலடெல்பியாவிலும் மாறி மாறிப் பட்டறை வைத்தார். தெற்கே சார்ல்ஸ்டனில் வெள்ளிப் பட்டறைகளில் அடிமைகள் வேலை செய்தார்கள், அவர்கள் தட்டிய பாத்திரத்தில் முதலாளியின் முத்திரைதான் விழுந்தது. பென்ட்சனின் முத்திரை அவருடையதே.

பழைய அமெரிக்க வெள்ளியின் பெரிய சேகரிப்புகளில் ஒன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, பிரான்சிஸ் கார்வன் 1930ல் மனைவி பெயரில் கொடுத்தது. அந்த யேல் யார் தெரியும்தானே, பாஸ்டனில் பிறந்து சென்னைக் கோட்டையில் 1687லிருந்து 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல். 1718ல் கல்லூரிக்கு அவர் அனுப்பியதில் புத்தகங்களோடு துணி மூட்டைகளும் இருந்தன, அதை விற்றுத்தான் பணமாக்கினார்கள். ஸ்பானிய வெள்ளி இங்கே வந்து துணி வாங்கியது என்று முன்னால் சொன்னேனே, அந்த மாதிரித் துணி.

இதெல்லாம் மிஞ்சியது கொஞ்சம்தான். ஃபேஷன் போனதும் உருக்கிப் புதுசு செய்தார்கள். உருக்காமல் விட்டதிலும் கைவைத்தார்கள்: 19ம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் வலுத்தபோது தாத்தாவின் பீர் குவளையில் ஓட்டை போட்டு மூக்கு ஒட்டித் தண்ணீர் ஜக் ஆக்கிய குடும்பங்கள் பல. மூக்கு வைத்த குவளைக்கு இன்று ஏலத்தில் மதிப்பு இறங்கிவிடும். அதிகமாகத் தேய்த்து முத்திரை மழுங்கியதும் அப்படித்தான். நம்ம வீடுகளில் விபூதி போட்டு வெள்ளியைத் தேய்க்கிற தேய்ப்பில் பேர் வெட்டிய எழுத்து இரண்டு தலைமுறையில் காணாமல் போகும். எங்கள் கடைக்கு மாற்றிக்கொள்ள வருகிற பழைய கெண்டி, பாலாடை, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் எடை போட்டு நேராக உருக்கத்தான் அனுப்புகிறோம். அனுப்புமுன் போட்டோவாவது எடுத்து வைப்போம் என்று சித்தப்பாவிடம் சொல்லி, இப்போது எடுக்கிறேன், அடிப்பக்கத்தையும் சேர்த்து. அதற்கே அவர் “வேற வேலை இல்லையா?” என்கிறார்.

ரிவியர் கிண்ணத்தை 1949ல் பாஸ்டன் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியபோது 700 பள்ளிக் குழந்தைகளும் காசு போட்டிருக்கிறார்கள். அந்த உருவம் இன்று பரிசுக் கோப்பையாக, கல்யாணப் பரிசாக, முலாம் பூசியும் பூசாமலும் கடை கடையாகக் கிடைக்கிறது.

எனக்கு வேண்டியது போரிஞ்சர். தங்கை குழந்தைக்கு ஆண்டு நிறைவு வருகிறது, வெள்ளிக் கிண்ணம்தான் கேட்டிருக்கிறாள், சாவித் துவாரக் கைப்பிடியோடு செய்து கொடுத்துவிடலாம் என்று பத்தரிடம் படத்தை அனுப்பியிருக்கிறேன். கைப்பிடிக்கு மெழுகு அச்சு சுவாமிமலையில் தெரிந்தவர் ஒருவரிடம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். நான் 250 கிராம் என்கிறேன், வெள்ளி விற்கிற விலையில் 150 போதும் என்கிறார் சித்தப்பா, அந்த எடைக்குத் தட்டினால் வாய் நெளியும், நான் செய்ய மாட்டேன் என்கிறார் பத்தர். செய்கூலி பற்றி இன்னும் யாரும் வாயே திறக்கவில்லை.